சுத்தம் என்று சொன்னவர்

"பிரமாதம்" என்றார் ஹோலிஸ்.

ஆர்வோ குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. இருபத்து நான்கு வருடங்களாக ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்த ஏரிகளுக்கு இருவரும் சேர்ந்து வருகிறார்கள். காபிக் கோப்பையை வாயிலிருந்து எடுத்தபின் ஹோலிஸ் ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டதில்லை. ஹோலிஸ் குடிப்பார், தண்ணீரைப் பார்ப்பார், அடியில் மிஞ்சியதைப் புதரில் வீசிவிட்டுத் துடுப்பைத் தேடுவார். அந்த மௌனத்துக்கு ஆர்வோ தானே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு வருடம் அது அசையாமல் இருந்தது.

"டெஸ், என்னடா போட்ட இதுல?" என்று கேட்டார் ஹோலிஸ்.

"ஒண்ணும் போடல. கொட்டையை அப்பப்போ அரைக்கணும். தண்ணி கொதி அடங்கினதும் மெதுவா, வட்டமா ஊத்தணும். அவ்வளவுதான்." டெஸ்மண்ட் கையிலிருந்த சின்ன அரவைக் குழலைத் தட்டிச் சுத்தம் செய்தான். "கேப்டன், உங்களுக்கு ஒரு கப்?"

"என்னோடது இருக்கு" என்றார் ஆர்வோ.

"ரெண்டையும் குடிச்சுப் பாருங்க. யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

"என்னோடது இருக்குன்னு சொன்னேனே."

அவருடையது இருந்தது. கரி பிடித்த எனாமல் பானையில், ஆறு கோப்பைக்கான காபி, கேட்பாரில்லாமல் அடுப்போரம் உட்கார்ந்திருந்தது. ஆர்வோ இரண்டு கோப்பை குடித்தார். மூன்றாவதையும் ஊற்றி, பாதியில் நிறுத்தி, மிச்சத்தைக் கொண்டுபோய் மரத்தடியில் கொட்டினார். அவர் கொட்டுவதை யாரும் பார்க்கவில்லை. அதுவும் அவருக்கு உறைத்தது.

அவர் காபிக்கு ஒரு முறை உண்டு. விடியும்போது தோணியைத் தள்ளிக்கொண்டு நடு ஏரிக்குப் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும். கரையோரத் தண்ணீரில் இலை ஊறிய பழுப்பு நிறம் இருக்கும். பானை கொதித்ததும் ஒரு முட்டையை ஓட்டோடு நொறுக்கி, காபித்தூளில் பிசைந்து, அந்தக் கட்டியை உள்ளே போட வேண்டும். பொங்கி வரும்போது ஒரு கை குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் சக்கையெல்லாம் முட்டையோடு சேர்ந்து அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே நிற்பது தேன் நிறத்தில், தெளிவாக. மாதாகோயில் விருந்துகளுக்கு அவர் மனைவி இர்யா அண்டா அண்டாவாக இப்படித்தான் போடுவாள். அவள் போய் ஆறு வருடமாகிறது. ஐந்து காலைக்கு ஐந்து முட்டை. உடையாமலிருக்க ஓட்ஸ் டப்பாவுக்குள் புதைத்து எடுத்து வருவார்.

டெஸ்மண்டின் முறையில் முதலில் கேட்பது சத்தம். கர், கர், கர். விடியற்காலை ஏரியின் மேல் அந்தச் சத்தம் எதிர்க்கரை வரை போய்த் திரும்பி வந்தது.

நாற்பது வயது டெஸ்மண்ட் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். இரண்டு வருடங்களுக்கு முன் ஹோலிஸின் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தான். ஹோலிஸ் வீட்டு வாசலில் பனி தள்ளுவது அவன், குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க ஹோலிஸைக் கூட்டிப்போவதும் அவன். இதையெல்லாம் ஆர்வோ தொலைபேசியில் கேட்டு "ம், ம்" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் செப்டம்பருக்கு அவனைக் கூட்டிவருவதாக ஹோலிஸ் சொன்னபோது அவரால் "ம்" சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கம் ஹோலிஸ் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று பேர் என்றால் இரண்டு தோணி. ஒன்று இருவர் உட்காரும் பச்சைத் தோணி. இன்னொன்று ஒருவர் மட்டும் உட்காரும் சின்னத் தோணி. பச்சைத் தோணியில் முன்னால் ஆர்வோ, பின்னால் ஹோலிஸ். யாரும் பேசி முடிவு செய்ததில்லை, முதல் வருடம் உட்கார்ந்தார்கள், அப்படியே ஆகிவிட்டது. இந்த வருடம் முதல் நாள் கரையிலேயே ஹோலிஸ் சொன்னார்:

"டெஸ் இன்னும் பின்னாலிருந்து திருப்பப் பழகல. தனியா விட்டா வட்டமடிச்சிட்டே இருப்பான். ரெண்டு நாளைக்கு நீ சின்னதை எடுத்துக்கயேன்."

"எடுத்துக்கறேன்."

"முட்டி வலிக்கு உனக்கும் அது சௌகரியம். காலை நீட்டிக்கலாம்."

"எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேனே."

இரண்டாம் நாளும் அப்படியே. சின்னத் தோணியில் ஆர்வோ நூறு கஜம் பின்தங்கி வந்தார். பேச்சு காதில் விழவில்லை, சிரிப்பு மட்டும் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. தனக்கும் ஹோலிஸுக்கும் இடையே இந்த ஏரிகளில் சிரிப்பு என்று ஒன்று இருந்ததா என்று யோசித்துப் பார்த்தார். இருந்ததில்லை. தேவைப்பட்டதில்லை என்றே நினைத்திருந்தார். ஒரு நாள் முழுக்க, ஒன்பது மணி நேரம், ஒருவர் குரலை ஒருவர் கேட்காமல் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். இரண்டு துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கும். அதைவிடப் பெரிய பேச்சு என்ன இருக்க முடியும் என்று கர்வப்பட்டிருக்கிறார்.

மதியம் நீண்ட சுமைப்பாதை வந்தது. ஏரி முடிந்து காடு தொடங்குமிடத்தில் தோணியைத் தலைமேல் கவிழ்த்து, மூட்டைகளை முதுகில் ஏற்றி, அடுத்த ஏரிவரை நடக்க வேண்டும். முக்கால் மைல், பாதி சேறு, பாதி பாறை. ஒரே நடையில் எல்லாவற்றையும் கொண்டுபோக முடியாது. ஒரு சுமையை அந்தப் பக்கம் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து மறு சுமை எடுக்க வேண்டும்.

"கேப்டன், உங்க மூட்டையில ஏதாவது குடுங்க, நான் தூக்கறேன். நொண்டறீங்க."

"நான் நொண்டல. பார்த்து நடக்கறேன்."

"சரி சரி. பார்த்தே நடங்க." டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

சுமைப்பாதையில் கடைசியாகக் கிளம்புகிறவருக்கு ஒரு வேலை இருக்கிறது. புறப்படுவதற்கு முன் திரும்பி நின்று, பாறையிடுக்கு, மரத்தடி, தண்ணீர் விளிம்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கத்தி, கயிறு, தொப்பி, எது விட்டுப்போனாலும் ஊருக்குத் திரும்பும்வரை அது இல்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் மற்றவர் "சுத்தமா?" என்று கேட்பார். "சுத்தம்" என்று சொன்னால்தான் தோணி தண்ணீரில் இறங்கும். இருபத்து நான்கு வருடமும் அது ஆர்வோவின் வேலை. சுரங்கத்தில் இயந்திரம் பழுதுபார்த்தவர், ஒரு திருகாணிகூட உள்ளே விட்டுவிட்டு மூடாதவர். ஹோலிஸ் ஊரில் எல்லோரிடமும் சொல்வார்: "ஆர்வோ சுத்தம்னு சொன்னா நான் திரும்பிப் பார்க்கறதில்ல."

அன்று இரண்டாம் நடைக்கு ஆர்வோ திரும்பி வந்தபோது மற்ற இருவரும் தங்கள் சுமையோடு போய்விட்டிருந்தார்கள். கரையில் அவருடைய மூட்டை மட்டும் பாறைமேல் சாய்ந்திருந்தது. கைகளை உள்ளே விட்டு முதுகில் ஏற்றினார். திரும்பி நின்றார். பார்த்தார்.

தேவதாரு மரத்தின் ஒடிந்த கிளையில், நெற்றி உயரத்தில், ஒரு நீலப் பை தொங்கியது.

டெஸ்மண்டின் காபிப் பை. அரவைக் குழல், கொட்டை, காகித வடிகட்டி எல்லாம் அதில்தான். தோணியைத் தலையில் தூக்கும்போது இரண்டு கையும் வேண்டுமென்று மாட்டிவிட்டு, மறந்து போயிருக்கிறான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அதற்காகத்தானே கடைசியாக ஒருவர் பார்ப்பது.

ஆர்வோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை நீட்டினால் எட்டும். நாளைக் காலையை நினைத்தார். கர் கர் சத்தம் இல்லாத ஏரி. ஒரே ஒரு பானை. ஹோலிஸ் கோப்பையை நீட்டுவார், வேறு போக்கிடம் இருக்காது. அந்தப் 'பிரமாதம்' வந்த இடத்திலேயே மறுபடி பழைய மௌனம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

திரும்பி நடந்தார். முட்டி வலிதான், ஆனால் முதுகுச் சுமை காலையில் இருந்ததைவிட லேசாக இருப்பதுபோல் பட்டது. மனம் லேசானால் உடம்பும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் தோணிகள் தண்ணீரில் தயாராக நின்றன. மேற்கே மேகம் கறுத்திருந்தது.

"சுத்தமா?" என்றார் ஹோலிஸ், துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"சுத்தம்."

ஹோலிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

தீவுக்குப் போய்ச் சேரும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகளைக் கவிழ்த்த தோணிகளுக்கடியில் தள்ளிவிட்டு, தார்ப்பாய்க்குக் கீழே நின்றபடியே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். அடுப்பு மூட்டவில்லை. ஆர்வோவுக்கு நல்ல தூக்கம் வந்தது. அதை நினைத்துத்தான் பிறகு அவருக்கு வெட்கமாக இருந்தது.

விடிந்தபோது மழை விட்டு, ஏரி முழுக்க மூடுபனி. ஆர்வோ சின்னத் தோணியில் நடு ஏரிக்குப் போய்த் தண்ணீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்தார். மழையில் நனையாத உள்மரமாகப் பிளந்து அடுப்பு மூட்டினார். ஓட்ஸ் டப்பாவைக் கிளறி ஒரு முட்டையை எடுத்தார். பின்னால் டெஸ்மண்ட் தோணிகளுக்கடியில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது.

"ஹோலிஸ், என் நீலப் பையைப் பார்த்தீங்களா?"

"நான் எங்க பார்த்தேன்?" கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஆர்வோ முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தன் மூட்டையிடம் போனார். பின்பக்கம் பானைச் சாக்கு கட்டியிருக்கும் இடத்தில் கயிறு மட்டும் இருந்தது. பானை இல்லை. பானைக்குள் வைத்திருந்த காபித்தூள் டப்பாவும் இல்லை.

"இங்க இருந்த பானை எங்க?"

டெஸ்மண்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். "அய்யோ கேப்டன், அதுவும் நீலப் பையிலதான் இருக்கு."

"எதுல?"

"நேத்து நொண்டிட்டே போனீங்க. கேட்டா தரமாட்டீங்க. அதான் நீங்க அந்தப் பக்கம் போயிருந்தப்போ அவிழ்த்து என் பையில போட்டுக்கிட்டேன். கொஞ்சமாவது குறையட்டுமேன்னு. இங்க வந்து சொல்லி, உங்ககிட்ட நாலு திட்டு வாங்கலாம்னு இருந்தேன். மழை வந்துடுச்சு."

முட்டை உள்ளங்கையில் குளிர்ந்திருந்தது.

ஹோலிஸ் பூட்ஸ் வாரைக் கட்டாமலே வெளியே வந்தார். "சுமைப்பாதையில விட்டுட்டியோ?"

"அப்படித்தான் இருக்கும். கிளையில மாட்டினேன்னு நினைக்கறேன்."

"இருக்காது. ஆர்வோ சுத்தம்னு சொன்னானே. இங்கதான் எங்கயாவது இருக்கும்."

சொல்லிவிட்டு ஹோலிஸ் தேடத் தொடங்கினார். பச்சைத் தோணியைப் புரட்டினார். சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக ஈரப் பாறையில் எடுத்து வைத்தார். தார்ப்பாயை உதறினார். தன் கூடாரத்தையே பிடுங்கி அடியில் பார்த்தார். அறுபத்தைந்து வயது மனிதர் முழங்காலில் தவழ்ந்து புதருக்குள் தலையை விட்டார். ஆர்வோவின் ஒரு சொல்லை நம்பித்தான் இவ்வளவும். ஆர்வோ பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று ஒவ்வொரு பொருளும் பாறைக்கு வரும்போது தோன்றியது. வாய் வரவில்லை.

"ஹோலிஸ், விடுங்க. கீழ விழுந்து புதர்ல கிடந்திருக்கும், கேப்டன் கண்ணுல பட்டிருக்காது. என் தப்புதான்" என்றான் டெஸ்மண்ட்.

"இவன் கண்ணுல படாததுன்னு ஒண்ணு கிடையாது." ஹோலிஸ் புதருக்குள்ளிருந்தே சொன்னார். பிறகு மெல்ல எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டி, ஆர்வோவைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"நான் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றார் ஆர்வோ.

"நானும் வரேன். பச்சையை எடு. முன்னாடி ஏறு."

இரண்டு நாளாக அவர் ஏங்கியது இதற்குத்தான். முன்னால் அவர், பின்னால் ஹோலிஸ், நடுவே பேச்சில்லை. மூடுபனியில் கரை தெரியவில்லை. இரண்டு துடுப்பும் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே நேரத்தில் ஏறின, எதுவும் மறந்துபோகவில்லை. ஆனால் முன்னால் உட்கார்ந்தவரால் பின்னால் இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது. இவ்வளவு வருடத்தில் பார்க்க வேண்டும் என்று ஒருமுறைகூட அவருக்குத் தோன்றியதில்லை. இன்று முதுகு முழுக்கக் கூசியது. திரும்பினால் தோணி ஆடும். திரும்பவில்லை.

சுமைப்பாதையில் ஹோலிஸ் முன்னே நடந்தார், ஆர்வோவின் முட்டிக்காக வேகத்தைக் குறைத்தே நடந்தார். முக்கால் மைலும் சேற்றில் பூட்ஸ் ஏறி இறங்கும் சத்தம் மட்டும். காடு முடிந்து வெளிச்சம் வந்தது. ஹோலிஸ் நின்றார்.

பை, விட்ட இடத்திலேயே தொங்கியது. மழையில் நனைந்து நீலம் இன்னும் அடர்ந்திருந்தது. பாதையின் வாயில், நெற்றிக்கு நேராக. குனிந்து போனால்தான் அதில் இடிக்காமல் போகலாம்.

ஹோலிஸ் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் பிடித்த மனிதர்தான் ஆர்வோ, ஆனால் இந்த மௌனத்தில் அவரால் நிற்க முடியவில்லை.

"பார்த்தேன்" என்றார்.

"ம்."

"தெரிஞ்சேதான் விட்டுட்டு வந்தேன். என் பானை அதுல இருக்குன்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா எடுத்திருப்ப."

"எடுத்திருப்பேன்."

ஹோலிஸ் பையைக் கிளையிலிருந்து எடுத்துத் தண்ணீரை உதறினார். "காலையில நான் புதருக்குள்ள தவழ்ந்தேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

ஆர்வோ ஏரியைப் பார்த்தார். "அவன் காபியை ஒரு வாய் குடிச்சிட்டு பிரமாதம்னு சொன்ன. இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா நீ?"

ஹோலிஸ் நிஜமாகவே திகைத்துப்போனார். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"உன் காபி எனக்குப் பிடிக்காதுடா."

"என்ன?"

"முட்டை வாசனை. முதல் வருஷமே பிடிக்கல. அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லல. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அப்ப ஏன் குடிச்ச?"

"நீ குடுத்த. குடிச்சேன்."

அதற்குமேல் அதைப் பற்றி ஹோலிஸுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று தெரிந்தது. இருபத்து நான்கு வருடத்தைப் பெருக்கிப் பார்த்தால் நூற்றுச் சொச்சம் காலைகள். ஒவ்வொரு காலையும் இரண்டு கோப்பை. ஆர்வோ அவற்றை நினைத்துப் பார்க்க முயன்றார். புதரில் வீசிய அந்த அடிமிச்சம் மட்டும்தான் கண்முன் வந்தது.

"இன்னொண்ணு" என்றார் ஹோலிஸ், நடக்கத் திரும்பியபடி. "இனிமே சுமைப்பாதையில கடைசியா நான் வரேன்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாளை மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். ஆர்வோ ஒரு கோபத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"டெஸ்கிட்ட?" என்று கேட்டார் ஆர்வோ.

"அது உன் பாடு."

திரும்பும்போது பனி விலகி வெயில் வந்திருந்தது. தீவின் கரையில் டெஸ்மண்ட் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றான்.

"கிடைச்சுதா? கிடைச்சுதா? சாமி, காபி இல்லாம தலையே வெடிக்குது." தோணியின் முனையைப் பிடித்து இழுத்தான். "கேப்டன், மன்னிச்சுக்கங்க. காலங்காத்தால உங்க முட்டியை இப்படி நடக்கவச்சுட்டேன்."

ஆர்வோ தோணியிலிருந்து இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார். "நீ கிளையிலதான் மாட்டியிருந்த. என் கண்ணுக்கு நேராத்தான் இருந்துச்சு. பார்த்துட்டுத்தான் சுத்தம்னு சொன்னேன்."

டெஸ்மண்டின் சிரிப்பு உடனே போகவில்லை. என்ன சொன்னார் என்று புரியப் புரிய மெதுவாக வடிந்தது. ஹோலிஸைப் பார்த்தான். ஹோலிஸ் துடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன், ஆர்வோ?"

கேப்டன் என்று அவன் கூப்பிடும்போதெல்லாம் பல்லைக் கடித்தவர்தான். இப்போது பெயரைக் கேட்டதும் கன்னத்தில் அடிபட்டதுபோல இருந்தது.

"உன் காபி நல்லா இருந்ததுனால" என்றார். அதைவிட நேராகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

டெஸ்மண்ட் பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். கரிப் பானையை எடுத்து, துணியால் துடைத்து, ஆர்வோவின் மூட்டைமேல் வைத்தான். பிறகு உட்கார்ந்து கொட்டையை அரைத்தான். அவன் இத்தனை நேரம் பேசாமலிருந்து ஆர்வோ பார்த்ததில்லை. அந்தக் கர் கர் சத்தம்தான் தீவில் ஒரே பேச்சு. அது நின்றுவிடக் கூடாது என்று ஆர்வோ கேட்டுக்கொண்டிருந்தார். முட்டையைத் திரும்ப ஓட்ஸுக்குள் புதைத்து மூடினார்.

மூன்று கோப்பையில் ஊற்றினான் டெஸ்மண்ட். ஒன்றை ஆர்வோவுக்குப் பக்கத்துப் பாறையில், கையில் தராமல், வைத்தான். ஆர்வோ எடுத்துக் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. ஹோலிஸ் தன் கோப்பையைக் குடித்தார், ஏரியைப் பார்த்தார், அடிமிச்சத்தைப் புதரில் வீசினார். இந்தத் தடவை அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூட்டை கட்டும்போது டெஸ்மண்ட் சின்னத் தோணியைத் தண்ணீரில் தள்ளினான்.

"இன்னைக்கு இதை நான் எடுத்துக்கறேன்."

"வட்டமடிப்ப" என்றார் ஹோலிஸ்.

"அடிச்சா அடிக்கட்டும். பழகணும்ல."

அவன் வட்டமடித்தான்தான். இரண்டு முறை கரையிலேயே மோதினான். பிறகு சரி செய்துகொண்டு, இவர்களுக்கு முன்னால் போய்விட்டான்.

பச்சைத் தோணியில் ஆர்வோ முன்னால் உட்கார்ந்தார், ஹோலிஸ் பின்னால். அடுத்த சுமைப்பாதை சிறியது. ஆர்வோ தன் இரண்டு சுமையையும் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தோணியில் ஏறித் தயாராக இருந்தார். கொஞ்ச தூரத்தில் சின்னத் தோணியில் டெஸ்மண்டும் காத்திருந்தான். காட்டுக்குள்ளிருந்து பூட்ஸ் சத்தம் வந்தது. ஹோலிஸ் வெளியே வந்து மூட்டையை நடுவில் இறக்கினார்.

கேட்க வேண்டியது இப்போது ஆர்வோ. இருபத்து நான்கு வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

"சுத்தமா?" என்றார், முன்னால் பார்த்தபடி.

பின்னால் ஹோலிஸ் தண்ணீரில் நின்றபடி ஒருமுறை திரும்பிப் பார்ப்பது தோணியின் அசைவில் தெரிந்தது.

"சுத்தம்" என்றார் ஹோலிஸ், ஏறி உட்கார்ந்தார்.

ஆர்வோ துடுப்பைத் தண்ணீரில் இறக்கினார்.